பைக்குக் காவல்

செய்முறைத் தேர்வில் கோச்சு தோற்றுப்போன அன்று நல்ல மழை. சலவைக் கடை வைத்திருக்கிற வீட்டில் மழை என்றாலே எல்லோர் முகமும் தொங்கிப்போகும். துணி காயாது. காயாத துணியில் வாடை வரும். வாடை வந்தால் பின்னாலேயே வாடிக்கையாளர் வருவார், வாயையும் கூட்டிக்கொண்டு வருவார். முன்னறை கடை, பின்னறை வீடு என்று மற்ற நாட்களில் ஒரு கணக்கு உண்டு. மழை நாளில் அந்தக் கணக்கு செல்லாது. சாப்பாட்டு மேஜைக்கு மேலே யாரோ ஒரு டாக்டரின் வெள்ளைக் கோட்டு தொங்கும். கட்டிலுக்கு மேலே ஓட்டல்காரரின் மேஜை விரிப்புகள் தொங்கும். அந்த ஈரத்தையெல்லாம் இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு கோச்சு உள்ளே வந்தாள்.

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன ஆச்சு?"

"போச்சு."

"எது போச்சு?" என்று மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் கேட்டாள். "குடையா, பரீட்சையா?"

"ரெண்டும்தான்க்கா."

நாத்தனார் கையிலிருந்த தலையணை உறையை உதறி மடியில் போட்டுக்கொண்டு, "சரி, குடையை நாளைக்குத் தேடலாம். முதல்ல தலையைத் துவட்டு" என்றாள். தம்பியைவிட ஏழெட்டு வயது மூத்தவள். கல்யாணமே வேண்டாம் என்று தம்பியோடு இந்தக் கடையிலேயே இருந்துவிட்டவள். அவளுடைய அன்பு எப்போதும் ஒரு குத்தலோடுதான் வரும். கோச்சுக்கு அது பழகிப்போயிருந்தது.

அவளை ஊரே கோச்சு என்றுதான் கூப்பிட்டது. பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளின் வாலிபால் அணிக்குப் பல வருஷமாக அவள்தான் பயிற்சி கொடுத்தாள். கோப்பைகள் வாங்கிக் கொடுத்தாள். ஆனால் அவள் டீச்சர் இல்லை. போட்டிக் காலத்துக்குக் கூப்பிடுவார்கள், முடிந்ததும் மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் தலைமையாசிரியை அவளைக் கூப்பிட்டு, இனிமேல் உடற்கல்வி ஆசிரியர் பயிற்சி முடித்தவர்கள்தான் மைதானத்தில் இறங்கலாம் என்று மேலிடத்து உத்தரவு வந்திருப்பதாகச் சொன்னார். "படிச்சிட்டு வாங்க, இடம் உங்களுக்குத்தான். வரலைன்னா வேற ஆளை எடுக்கறதைத் தவிர எனக்கு வழியில்லை." நல்லவர்தான். அவர் கையில் ஒன்றும் இல்லை.

அப்படித்தான் நாற்பதைத் தாண்டிய வயதில் அவள் புத்தகப் பையைத் தோளில் மாட்டினாள். மகள் வெளியூரில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். "வீட்டுல ரெண்டு மாணவி. ஒருத்தியாவது பாஸ் ஆகட்டும்" என்றாள் நாத்தனார். பயிற்சிக் கல்லூரியில் கூடப் படித்ததெல்லாம் மீசை அரும்பின பையன்களும் அவளுடைய பழைய மாணவிகள் வயதுப் பெண்களும். ஓடச் சொன்னால் அவர்கள் பின்தங்கினார்கள், எழுதச் சொன்னால் இவள் பின்தங்கினாள். உடம்பில் இருக்கிற எலும்புகளின் பெயர்கள் அவளை உண்டு இல்லை என்று ஆக்கின. தினமும் விடிகாலையில் நாத்தனார் துணி மடித்துக்கொண்டே கேள்வி கேட்பாள், இவள் பதில் சொல்வாள். கடைசியில் இவளுக்கு முன்னால் நாத்தனாருக்கு மனப்பாடமாகிவிட்டது. தோள் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு துணி மூட்டையை இறக்குகிற வாடிக்கையாளரிடம் எந்த எலும்பு என்று விசாரிக்கிற அளவுக்குப் போய்விட்டாள். எப்படியோ முட்டி மோதி எழுத்துத் தேர்வுகளைக் கோச்சு தாண்டிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. ஒரு பி.டி. பீரியட் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அது அவளுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு, சூடான டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவள் ஆரம்பித்தாள்.

"ஆறாம் வகுப்புப் பிள்ளைங்க. நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதான். யாருக்கு வாலிபால் தெரியும்னு கேட்டேன். கை தூக்கினவங்களை ரெண்டு டீமாப் பிரிச்சேன். என்னா ஆட்டம் ஆடினாங்க தெரியுமா! ஒருத்தி இருக்கா பாருங்க, நெட்டையா. அவ கையில பந்து பட்டதும் நான் கண்டுபிடிச்சிட்டேன். அடுத்த வருஷம் அவதான் என் டீமுல முன் வரிசை."

"சரி, அப்புறம் ஏன் பெயில் போட்டாங்க?"

"அதைத்தான் கேட்கறேன்! தேர்வு எடுக்க வந்த மேடம் கடைசியில கூப்பிட்டு, 'விளையாட்டு ரொம்ப நல்லா இருந்துச்சு. பாடம்தான் நடக்கலை'ன்னு சொல்றாங்க."

"அதென்ன, சாப்பாடு நல்லா இருந்துச்சு, சமையல்தான் நடக்கலைங்கிற மாதிரி?" என்றாள் நாத்தனார்.

"மத்தப் பிள்ளைங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு கேட்டாங்க. நான் யாரையும் சும்மா உட்கார வைக்கலைக்கா. ஒருத்தி ஸ்கோர் எழுதினா. சில பேர் பந்து பொறுக்கிப் போட்டாங்க. மீதிப் பேரைக் கைதட்டச் சொன்னேன். ஒரு பொண்ணுக்கு ஒண்ணுமே வராது போலிருந்துச்சு, பார்த்தாலே தெரியும்ல, அவளைப் பையெல்லாம் பார்த்துக்கச் சொன்னேன். எல்லாருக்கும் வேலை குடுத்தேனா இல்லையா? மைதானத்துல பை கிடந்தா யாராவது பார்த்துக்கத்தானே வேணும்?"

"நியாயம்தான்" என்றாள் நாத்தனார். ஆனால் சொல்லிக்கொண்டே தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

அவர் ஒரு சட்டைக் கழுத்துப்பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தண்ணீரைக் கையில் எடுத்துத் தெளித்தார். பெட்டியை வைத்ததும் ஆவி எழுந்தது.

"அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?" என்று கேட்டார்.

"எந்தப் பொண்ணு?"

"பை பார்த்துக்கிட்ட பொண்ணு."

"பையைப் பார்த்துக்கிச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பீரியட் முடியற வரைக்கும் பையைப் பார்த்துக்கிச்சு!"

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டார். "நானும் பைதான் பார்த்தேன்" என்றார்.

"எங்கே?"

"பள்ளிக்கூடத்துல. பி.டி. பீரியட் மணி அடிச்சதும் எல்லாரும் பையைக் கொண்டாந்து என் முன்னாடி போட்டுட்டு ஓடுவானுங்க. நான் கண்ணுல விளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு பை காணாமப் போனதில்லை, தெரியுமா? பி.டி. சாரே எல்லார் முன்னாடியும் என்னைப் பாராட்டியிருக்கார்."

அவர் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நாத்தனார் சிரிக்கவில்லை.

"இவனுக்குக் காவக்காரன்னே பேரு" என்றாள். "உன்கிட்டே சொன்னதில்லையாக்கும்."

கோச்சு டீயைக் கீழே வைத்தாள். கல்யாணமாகி மகளுக்கே கல்யாண வயது வந்தாயிற்று. இத்தனை காலமும் இந்த மனிதருக்கு விளையாட்டில் நாட்டமில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். தோசைக்கல்லுக்குத் தோசை பிடிக்குமா என்று யாராவது கேட்பார்களா, அந்த மாதிரி அவளும் கேட்டதில்லை. ஆனால் அவள் அணி எந்த ஊருக்கு ஆடப் போனாலும் அவர் கடையை அக்காவிடம் விட்டுவிட்டுக் கூட வந்தார். எல்லாப் பிள்ளைகளின் பைகளையும் அடுக்கி வைத்துக்கொண்டு, தண்ணீர் பாட்டிலோடு ஆடுகளக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைக்கும் என்று மற்ற ஊர்ப் பயிற்சியாளர்களெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டு அவளுக்குப் பெருமை பிடிபட்டதில்லை.

"அப்ப என்கூட வந்து பை பார்த்துக்கிட்டதெல்லாம் அந்தப் பழக்கத்துலதானா?"

"சேச்சே, அது பிரியத்துல." அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆனா அந்த வேலை எனக்கு நல்லாத் தெரியும்ல."

"ஏன் ஆடலை நீங்க? கேட்டிருக்கலாமே?"

"கேட்டேன் ஒரு தடவை. பந்தைப் போட்டாங்க. மூக்குல வாங்கிட்டு வந்தேன். உனக்கு வராதுடா, போய் உட்காருன்னுட்டாங்க." பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "பந்தை எப்படிப் பிடிக்கறதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரலை கோச்சு. பிடிக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் சொல்லிக் குடுத்தாங்க."

வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவளுக்கு அழுகை வந்தது. தேர்வுக்காக வந்த அழுகையை மைதானத்திலேயே துடைத்துவிட்டுத்தான் வந்திருந்தாள். இது வேறு. அந்தப் பெண்ணின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள், வரவில்லை. நெட்டைப் பெண்ணின் மணிக்கட்டுகூட நினைவிருந்தது.

மாதக் கடைசியில் இன்னொரு வாய்ப்பு உண்டு என்று சொல்லியிருந்தார்கள். அதுவும் தவறினால் அடுத்த வருஷம்தான். அதற்குள் பள்ளிக்கூடத்தில் வேறு ஆள் வந்துவிடும். கோச்சு அன்று இரண்டு வாய் சோறு சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். பிறகு கணவரைப் பார்த்து, "நாளைக்குக் காலையில பின்பக்கம் வாங்க. நான் பிடிக்கச் சொல்லித் தரேன்" என்றாள்.

"இந்த வயசுலயா? எனக்கா?"

"அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமாம்மா?" என்றாள் நாத்தனார்.

"நான் நாப்பதுல எலும்பு படிச்சேன்ல. வளையும்."

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. கடைக்குப் பின்னால் சின்ன முற்றம். குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டியிருக்கும். கோச்சு நடுவில் இரண்டு கொடிகளை அவிழ்த்து இடம் பண்ணினாள். அவரை எதிரே நிறுத்தி, பூப்போல ஒரு பந்தைப் போட்டாள். அவர் முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, யாரோ அறைய வருவதைத் தடுப்பதுபோல இரண்டு கையையும் நீட்டினார். பந்து கைகளுக்கு நடுவே புகுந்து தோளில் பட்டு, சோப்புத் தண்ணீர் வாளியில் விழுந்தது.

"கண்ணை ஏன் மூடறீங்க?"

"மூடலையே."

"மூடினீங்க. திறந்து வச்சுக்கங்க."

"திறந்துதான் இருக்கு."

மறுபடி போட்டாள். மறுபடி வாளி. மூன்றாவது பந்து மூக்கில். "கண்ணு! கண்ணு!" என்று அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவருக்கு அதற்குப் பிறகு பந்து கையை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே கண் மூடிக்கொண்டது.

"ஏம்மா, மாடு ஓட்டற மாதிரி ஓட்டறியே" என்றாள் நாத்தனார்.

நான்கு நாள் இப்படியே போயிற்று. கோச்சுக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. இப்படி ஒரு பிள்ளை அணித் தேர்வுக்கு வந்திருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் முதுகில் தட்டி அனுப்பியிருப்பாள். புருஷனை அப்படி அனுப்ப முடியுமா? இருக்கிறதே ஒருத்தர். அதனால் வேறு வழியில்லாமல் யோசித்தாள். பயிற்சியாளராக இருந்த வருஷங்களில் வராதவர்களைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை. வந்தவர்களை மெருகேற்றத்தான் அவளுக்குத் தெரியும். இந்த உண்மை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் நல்ல வெயில். நாத்தனார் கொடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்து எடுத்து வாசற்படிப் பக்கம் வீசினாள். அங்கே நின்ற தம்பி ஒவ்வொன்றாகப் பிடித்துக் கூடையில் போட்டார். தலையணை உறை, துண்டு, டாக்டர் கோட்டு. இருவரும் எதையோ பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ பொத்தானை உடைத்துவிட்டதாகச் சண்டை போட்ட கதை. தினமும் நடக்கிற வேலைதான். தட்டைக் கழுவிக்கொண்டிருந்த கோச்சு சும்மா திரும்பிப் பார்த்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா, இன்னொண்ணு போடுங்க."

"எதை?"

"எதையாவது. இவருக்குப் போடுங்க."

ஒரு துண்டு பறந்து வந்தது. அவர் கண்ணை அகல விழித்து அதைப் பார்த்து, கை நீட்டி, மார்போடு சேர்த்து வாங்கினார். இமை கொட்டவே இல்லை.

"என்னங்க, நீங்க பிடிக்கறீங்க!"

"இது துணி."

"துணியோ பந்தோ, கண்ணு திறந்திருக்கு பாருங்க!"

அவ்வளவுதான், அடுத்த துண்டு அவர் தலையில் விழுந்து முகத்தை மூடியது. "நீ பார்த்தா வராது" என்றார் துண்டுக்குள்ளிருந்து. "நீ பார்க்கறப்ப எனக்கு உள்ளே உதறுது. திரும்பிக்கோ."

வாழ்நாளெல்லாம் பார்ப்பதையே தொழிலாக வைத்திருந்தவள் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். முதுகுக்குப் பின்னால் துணி பறக்கிற சத்தமும், அவர் "ஆச்சு" என்று சொல்வதும் கேட்டது. ஆச்சு. ஆச்சு. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அங்கிருந்து படிப்படியாக ஏறினார்கள். முதலில் கைக்குட்டை. அது மெதுவாக இறங்கும், பயமுறுத்தாது. பிறகு முடிச்சுப் போட்ட கைக்குட்டை, பிறகு முடிச்சுப் போட்ட துண்டு, பிறகு உருட்டின காலுறை. மழை வந்த நாளில் கட்டிலுக்கும் மேஜைக்கும் நடுவே போட்டுப் பிடித்தார்கள். ஒருநாள் காலுறை போய் ரசத்துக்குள் விழுந்தது, அன்று நாத்தனார் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. கோச்சு கத்துவதை நிறுத்தியிருந்தாள். பக்கத்தில் நின்று, எதிரே நிற்காமல், தோளோடு தோள் நின்று சொல்லித் தந்தாள். பந்து வந்த அன்று அவர் இரண்டு தடவை நழுவவிட்டார். மூன்றாவது தடவை அது கையில் நின்றது. நின்றதும் அதை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"குடுங்க, மறுபடி போடறேன்."

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார். கண் கலங்கியிருந்தது. கோச்சு மறுபடி கேட்கவில்லை, அவர் தானாகத் தரும்வரை காத்திருந்தாள். கொடிக்கு அப்பால் நாத்தனார் ஒரு சீட்டி அடித்தாள். அவளுக்குச் சீட்டி அடிக்கத் தெரியும் என்பது அன்றுதான் அந்த வீட்டுக்குத் தெரிந்தது.

மாதக் கடைசி வந்தது. விடிகாலையில் பெய்து ஓய்ந்திருந்ததால் மைதானம் சொதசொதவென்று இருந்தது. தேர்வு எடுக்க வந்தவர் அதே மேடம். கோச்சைவிட வயதில் சின்னவர், சிரிப்பைச் செலவழிக்காதவர். மரத்தடியில் நாற்காலி போட்டு மடியில் காகிதங்களோடு உட்கார்ந்தார். அதே ஆறாம் வகுப்பு வந்து வரிசையில் நின்றது. கோச்சின் கையில் ஒரு துணி மூட்டை இருந்தது. யாரும் வாங்க வராமல் கடையில் தங்கிப்போன கைக்குட்டைகளும் ஓட்டலின் பழைய துடைப்புத் துணிகளும் அதற்குள் இருந்தன. நாத்தனார் எல்லாவற்றையும் தேய்த்துக் கொடுத்திருந்தாள். "எறியறதுக்கு எதுக்குக்கா இஸ்திரி?" என்றதற்கு, "நம்ம கடைப் பேரு கெடக் கூடாதுல்ல" என்றாள்.

கோச்சு வாயைத் திறந்தாள். "யாருக்கு..." என்று பழைய கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பொய்யாக இருமி அதை விழுங்கினாள்.

அதற்குள் வரிசையின் கடைசியிலிருந்து ஒரு பெண் தானாகவே விலகி, பைகள் குவிந்திருந்த பக்கம் நடந்தாள். குட்டை முடி, ஒரு பக்கம் இறங்கின காலுறை.

"நீ எங்கேம்மா போறே?"

"பை பார்த்துக்க டீச்சர்."

"யார் போகச் சொன்னா?"

அந்தப் பெண் குழப்பமாகப் பார்த்தாள். "போன தடவை நீங்கதானே சொன்னீங்க."

மரத்தடியில் பேனா நின்றது. கோச்சுக்கு முகம் சுட்டது. ஆனால் நேராக அந்தப் பிள்ளையிடம் போய் நின்றாள்.

"ஆமா, நான்தான் சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன். வா."

"தரை ஈரமா இருக்கே, பை நனைஞ்சிடும்."

"நனையட்டும். காய வைக்க எங்க வீட்டுல ஆள் இருக்கு. நீ வாடா கண்ணு."

கைக்குட்டைகள் மேலே பறந்தன. முதலில் எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள், துணியை எறிந்து பிடிப்பது ஒரு விளையாட்டா என்று. ஒற்றைக் கையால் பிடிக்கச் சொன்னதும் சிரிப்புக் குறைந்தது. கண்ணால் மட்டும் பார்த்து, தலையைத் திருப்பாமல் பிடிக்கச் சொன்னதும் நெட்டைப் பெண்ணே தடுமாறினாள். முடிச்சுப் போட்டார்கள். ஜோடி சேர்ந்தார்கள். பந்து கடைசியில்தான் வந்தது. வலை அது பாட்டுக்கு அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது, அதன் பக்கம் யாரும் போகவே இல்லை. "டீச்சர், மேட்ச் எப்ப?" என்று ஆடத் தெரிந்தவர்கள் நச்சரித்தார்கள். கோச்சு ஒரு ஜோடியிலிருந்து இன்னொரு ஜோடிக்கு ஓடினாள், சேற்றில் வழுக்கினாள், ஒரு பிள்ளையின் முழங்கையைப் பிடித்து மடக்கிக் காட்டினாள், இன்னொரு பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பார்க்க அது ஒரு பாடம் போலவே இல்லை, சந்தை மாதிரி இருந்தது. குட்டை முடிக்காரி பந்தை ஒரு தடவைகூடப் பிடிக்கவில்லை. கைக்குட்டையைப் பிடித்தாள், முடிச்சைப் பிடித்தாள். பந்து மட்டும் விரலில் பட்டுப் பட்டு விழுந்தது. ஆனால் கண்ணை மூடவில்லை. அதைக் கோச்சு பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் அடுத்த ஜோடிக்குப் போனாள்.

மணி அடித்தது. மேடம் கூப்பிட்டார்.

"ஒரே ஒரு கேள்வி. இந்த வகுப்புல உங்க டீமுக்கு யாரை எடுப்பீங்க?"

போன தடவை கேட்காமலேயே சொன்னவள் அவள். இப்போது திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள். நெட்டைப் பெண் எங்கே நின்றாள், எப்படிப் பிடித்தாள், ஒன்றும் நினைவில் இல்லை.

"தெரியலைங்க மேடம்" என்றாள். "அதைப் பார்க்க எனக்கு நேரமே இல்லாமப் போச்சு."

மேடம் தலையைக் குனிந்து எழுத ஆரம்பித்தார். போச்சு, இதுவும் போச்சு என்று கோச்சு நினைத்துக்கொண்டாள். ஒரு பயிற்சியாளர் சொல்லக்கூடிய பதிலா அது? சேற்றில் கிடந்த துணிகளைப் பொறுக்கக் குனிந்தாள். வீட்டில் இரண்டு பேர் இந்நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்ததும் கண் மறைத்தது.

யாரோ அவள் சட்டையை இழுத்தார்கள். குட்டை முடிக்காரி. மற்றவர்கள் பையை மாட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள்.

"டீச்சர், எனக்குப் பந்து வரவே இல்லை."

"வரும்."

"இனிமே பி.டி.க்கு நீங்கதான் வருவீங்களா?"

கோச்சுக்குப் பொய் சொல்லவும் மனசு வரவில்லை, தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.

"ஆமா" என்று மரத்தடியிலிருந்து குரல் வந்தது. மேடம் நிமிரவில்லை, எழுதிக்கொண்டேதான் சொன்னார். "இவங்கதான் வருவாங்க."

கோச்சு நிமிர்ந்தாள். கேட்டது சரிதானா என்று பார்க்க அவரைப் பார்த்தாள். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு விஷயமாகவே படவில்லை. கையிலிருந்த கைக்குட்டையைக் காட்டி, "அப்ப இதை நான் எடுத்துட்டுப் போகட்டுமா? வீட்டுல போட்டுப் பார்க்கறேன்" என்று கேட்டாள்.

ஓரத்தில் நீல நூல் தைத்த நல்ல கைக்குட்டை. யாருடையதோ. உரியவர் நாளைக்கே கடைக்கு வந்து கேட்டாலும் கேட்கலாம்.

"எடுத்துக்கோ" என்றாள் கோச்சு. அதை வாங்கி நடுவில் ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள்.